உஷார்! பொம்மைக் காரின் பின்கதவைத் திறந்து பாருங்கள்

அலமாரியில் நிற்கும் அந்தப் பழைய ஸ்டேஷன் வேகனைக் கையில் எடுங்கள். பின்கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கரகரவென்று இழுக்கிறதா? பாதியில் நின்றுவிடுகிறதா? கீல் ஓரத்தில் திருநீறு சிந்தினாற்போல வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் காரைத் திரும்ப அலமாரியில் வைக்காதீர்கள். வெளியே மேஜைமேல் வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மரக்காணம் உப்பளக் கரையிலும் அதை ஒட்டிய ஈசிஆர் ஊர்களிலும் பழைய டைகாஸ்ட் கார் சேகரிக்கிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. அனுமந்தை, கூனிமேடு, கோட்டக்குப்பம் என்று இங்கேயே குடியிருப்பவர்கள் ஒரு ரகம். சென்னை ஃபிளாட்டில் இடம் போதாமல், கடலோரம் கட்டிய வாரக்கடைசி வீட்டின் ஹாலில் தேக்குக் கண்ணாடி அலமாரி செய்து, பல வருஷச் சேமிப்பை அதில் வரிசையாக நிறுத்தியவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தாருக்குத்தான் ஆபத்து அதிகம். ஏன் என்பது பின்னால் வரும்.

ஸ்டேஷன் வேகன் பொம்மைக்கு மவுசு எதனால் என்று தெரிந்தால் ஆபத்து எங்கே என்பதும் புரிந்துவிடும். லண்டன் லெஸ்னி கம்பெனியின் மேட்ச்பாக்ஸ் வரிசையில் 42ஆம் எண், 1965இல் வந்த ஸ்டூடிபேக்கர் லார்க் வேகனேர். நீல உடம்பு; கூரையின் பின்பாதி நழுவித் திறக்கும். கூடவே ஒரு வேட்டைக்காரர், ஒரு நாய். (நிஜ வேகனேரிலும் இதே நழுவும் கூரைதான். மழை பெய்தால் ஒழுகும் என்று அமெரிக்காவில் அதன் பெயர் கெட்டுப்போனது. பொம்மையில் அந்தக் குறை இல்லை என்று நினைத்திருந்தோம், மரக்காணத்துக்குக் கொண்டுவரும் வரை.) மெட்டாய் கம்பெனியின் கார்கி 485, மினி கன்ட்ரிமேன்: பின்னால் இரட்டைக் கதவு, கூரைமேல் இரண்டு சர்ஃப் பலகைகள், பக்கத்தில் நிறுத்த ஒரு சர்ஃபர். கார்கி 440, ஃபோர்டு கார்ட்டினா எஸ்டேட் (ஸ்டேஷன் வேகனுக்கு இங்கிலாந்தில் அதுதான் பெயர்): திறக்கும் பின்கதவு, கோல்ஃப் ஆடுகிறவர், அவருக்கு மட்டை தூக்கும் பையன். லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ வார்த்த டிங்கி 141, வாக்ஸால் விக்டர் எஸ்டேட்டுக்கும் பின்கதவு திறக்கும். மேட்ச்பாக்ஸ் 38 என்று அதே விக்டர் எஸ்டேட் மஞ்சள் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். அதிலும் கதவு வேலை செய்யும்.

நம் ஊர்ச் சங்கதியும் உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே அட்டாம்கோ என்ற கம்பெனி 'நிக்கி டாய்ஸ்' என்று பெயர் போட்டுக் கார்களை வார்த்தது. அதில் ஸ்டாண்டர்டு 20 மினிபஸ்ஸும் ஒன்று. அந்த நிஜ வண்டி உருவானது நம் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் எஸ்டேட் வடிவமான 'கம்பானியன்' பிறந்ததும் அங்கேயே. இதனால் சென்னை, புதுச்சேரிப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு இந்த நீள்கூரை வண்டிகள்மேல் ஒரு தனிப் பாசம். சிங்கப்பூர், கொழும்பு போய்வந்தவர்களின் டிரங்குப் பெட்டியில் வந்தவை, 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் அந்த நாளில் பேரம்பேசி வாங்கியவை என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பூர்வீகம் சொல்வார்கள்.

இந்தப் பொம்மைகளுக்கு விலை கிடைப்பதே அந்தக் கதவுக்காக, கூரைக்காக. உப்பு முதலில் தின்பதும் அதைத்தான். ஏமாற்றுக்காரன் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

உப்பிலிருந்து தொடங்கலாம். டைகாஸ்ட் என்றால் இரும்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். துரு பிடிக்கவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். அது துத்தநாகக் கலவை: நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு துத்தநாகம், 4 பங்கு அலுமினியம், மிச்சம் துளித்துளி மக்னீசியமும் செம்பும். ஆனால் பல கார்களில் கதவைத் தாங்கும் முள், சக்கர அச்சு, ஸ்பிரிங் எல்லாம் எஃகு. துத்தநாகமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால், அங்கே ஒரு குட்டி மின்கலமே ஓட ஆரம்பித்துவிடும். அதில் கரைவது துத்தநாகம், தப்பிப்பது எஃகு. இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பது இந்தக் குணத்துக்காகத்தான்: கட்டி கரைந்து கப்பலைக் காப்பாற்றும். உங்கள் காரில் கரைகிற கட்டி காரின் உடம்பேதான். அது காப்பாற்றிக் கொடுப்பது நாலணா பெறாத ஒரு முள்ளை.

இது வெளியே தெரியாது. மேல் உடம்பில் பெயின்ட் இருக்கிறது, காற்றில் நனைந்தாலும் காய்ந்துவிடும். கீல் இருக்கும் இடமோ மயிரிழை இடுக்கு. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அங்கே பெயின்ட் உரசி உரசி, உலோகம் வெறும் மேனியாக நிற்கும். உள்ளே போன ஈரம் சுலபத்தில் வெளியே வராது. துத்தநாகம் கரைந்து வெள்ளைப் பொருக்காக மாறும்போது, இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கும். அப்போது கதவு இறுகும். பலம்போட்டுத் திறந்தால் பொருக்கு உதிர்ந்து, துவாரம் பெரிதாகி, கதவு தொளதொளவென்று ஆடும். கடைசியில் ஒருநாள் கையோடு வந்துவிடும். வேகனேரின் கூரையில் இது இன்னும் மோசம். கூரைத் தகடு ஓடும் இரண்டு பள்ளங்களிலும் தூசியோடு உப்பும் படியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் ஓரத்தில் நீலப் பெயின்ட் குமிழ்விட்டிருக்கும். குமிழை ஊசியால் தொட்டால் உள்ளே வெள்ளை மாவு. அந்த நிலையில் கூரையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் போதும், ஓரத்துப் பெயின்ட் வாரிக்கொண்டு வந்துவிடும்.

கடலோரம் என்றால் எல்லாக் கடலோரமும்தானே, மரக்காணத்தை மட்டும் ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். இங்கே கடல் மட்டும் இல்லை. பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் சேரும் இந்தத் தாழ்நிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்தி கட்டியிருக்கிறார்கள். தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை உப்பு வாருகிறார்கள். வாரிய உப்பு வரப்போரம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். வேலை நடக்கும் மாதங்கள்தான் காற்று அடிக்கும் மாதங்களும். மதியத்துக்குமேல் கடற்காற்று திரும்பினால், அலையிலிருந்து எழும் உப்புச் சாரலோடு பாத்தியிலிருந்து கிளம்பும் நுண்தூளும் சேர்ந்துகொள்ளும். ஜன்னல் கம்பியில் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிந்து தண்ணீராகும். பாத்தியில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். இந்தக் கரையில் ஈரப்பதம் 33க்குக் கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதாவது, காரின்மேல் ஒருமுறை அந்தத் தூள் படிந்துவிட்டால் அது முழுதாகக் காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும்.

உப்புக்காற்று உலோகத்தை என்ன பாடுபடுத்தும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லவேண்டியதில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அவை எவ்வளவு வேகத்தில் அரிபடுகின்றன என்று பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறது. பக்கத்திலேயே பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது எந்தப் பகுதியால்? கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் அந்த அசையும் பகுதியால். நூறு வருஷத்துக்குமேல் நின்ற தூண்கள் இல்லை, திறந்து மூடுகிற பாகம்தான் முதலில் கைவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலமே திறந்துவிட்டார்கள். காருக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மேலே சொன்னது வெளியிலிருந்து வரும் அரிப்பு. பிடித்துவிட்டால் நிறுத்தலாம். இன்னொரு வியாதி உள்ளிருந்தே வருவது. சேகரிப்பாளர்கள் 'ஜிங்க் பெஸ்ட்', அதாவது துத்தநாகக் கொள்ளைநோய் என்பார்கள். வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயமோ வெள்ளீயமோ காட்மியமோ கொஞ்சம் கலந்துவிட்டால், உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவி, பத்து இருபது வருஷம் கழித்து கார் உப்பும், வளையும், வெடிக்கும், பொடிப்பொடியாக உதிரும். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ஜிங்க் கம்பெனி மிகச் சுத்தமான துத்தநாகத்தை வைத்துப் புதுக் கலவை கொண்டுவந்தது இதற்கு முடிவுகட்டத்தான். ஆனாலும் இரண்டாம் உலகப்போருக்கு முந்திய டிங்கிகளில் இந்த வியாதி ஏராளம். பிந்தியவற்றிலும், கண்ட ஓட்டை ஒடிசலையும் உருக்கி வார்த்தவற்றில் வரும். இதற்கு மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் கரையில் இரண்டும் இலவசம். ஒரே ஆறுதல், பெயரில் இருப்பதுபோல இது ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்தில் நிற்கும் காருக்குத் தாவாது. வித்தியாசம் கண்டுபிடிக்கவும் பின்கதவுதான் உதவும்: கீலில் தூள் இல்லாமலே கதவு அதன் சட்டத்துக்குள் அடங்காமல் பிதுங்கி நின்றால், கூரை லேசாக முதுகு தூக்கியிருந்தால், பெயின்டுக்கு மேலேயே சிலந்திவலைக் கீறல் ஓடினால், வந்திருப்பது உள்வியாதி.

இப்போது வாரக்கடைசி வீட்டுக்காரர்கள். வெள்ளி ராத்திரி வந்து இறங்கியதும் ஏசியைப் போடுகிறீர்கள். இரண்டு நாள் அறை குளிர்ந்து காய்கிறது. கார்களின் உலோகமும் ஜில்லிட்டுப் போகிறது. ஞாயிறு சாயங்காலம் ஏசியை அணைத்து, மூச்சுமுட்டாமல் இருக்கட்டும் என்று வெண்டிலேட்டரைத் திறந்துவைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். கடற்காற்று உள்ளே வந்து, குளிர்ந்த உலோகத்தின்மேல் பனியாக இறங்குகிறது. காய்வது, நனைவது, காய்வது, நனைவது. ஒரேயடியாக ஈரத்தில் கிடப்பதைவிட இந்த மாறிமாறி விளையாட்டில்தான் அரிப்புக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு முறை காயும்போதும் உப்பு அடர்ந்து நிற்கும்; அடுத்த ஈரத்தில் அது முழு வேகத்தோடு எழும். ஏசி இல்லாத குடிசையில் கிடக்கும் காரைவிட ஏசி போட்டு அணைத்த பங்களாவில் நிற்கும் கார் சீக்கிரம் வீணாவது இதனால்தான். தேக்கு, பிளைவுட் அலமாரிகளும் சும்மா இருப்பதில்லை. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமில ஆவி, கண்ணாடிக் கதவுக்குள் அடைபட்டுத் துத்தநாகத்தையும் ஈயப் பொம்மைகளையும் அரிக்கும். ஆசையாகச் செய்த அலமாரி என்று தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெள்ளைத் தூளைப் பார்த்ததும் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள். புளி போட்டுத் தேய்! கூடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழகிய கை அது. புளியின் அமிலம் பித்தளையின் கறுப்பை எடுப்பது போலவே துத்தநாகத்தையும் எடுக்கும், மேலோட்டமாக அல்ல, குழியாக. எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எல்லாம் அதே கதை. விபூதி, சபீனா போட்டுத் தேய்த்தால் பெயின்டும் போகும், ஓரத்து வெள்ளிக் கோடும் போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாலு மாதத்தில் பிசுக்கேறி, அடிக்கிற உப்பையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பூச்சி வராமல் இருக்க நாப்தலின் உருண்டை போடுகிறவர்களும் உண்டு. அதன் ஆவி காரின் பிளாஸ்டிக் கண்ணாடியையும் சீட்டையும் இளக்கிவிடும். பூச்சிக்கும் டைகாஸ்டுக்கும் எந்த உறவும் இல்லை, அதை ஏன் போடுகிறார்கள் என்றே எனக்குப் புரிந்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, குழாயில் காட்டிக் கழுவுவது. இந்தப் பக்கத்து போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா?

பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் இன்வெர்ட்டருக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் இதற்குச் சரி. மெல்லிய வாட்டர்கலர் பிரஷ்ஷை அதில் தோய்த்து, கீலிலும் கூரைப் பள்ளத்திலும் சக்கர இடுக்கிலும் தடவி, தண்ணீரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முழுக்க முக்கக் கூடாது. காகித ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தைத் தொடவே கூடாது. உள்ளே உராய்வு மோட்டாரோ விளக்குக்கான பேட்டரியோ இருந்தால் ஈரப் பிரஷ் அங்கே போகக் கூடாது. பேட்டரி உள்ளே இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள், கசிந்த பேட்டரி உப்பைவிட வேகமாகத் தின்னும். கழுவியபின் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காயவிட்டு, கதவைத் திறந்த நிலையிலேயே ஒரு நாள் வைத்திருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி முனையில் ஒரு பொட்டு தையல் மெஷின் எண்ணெய், கீல் முள்ளுக்கு மட்டும். உடம்புக்கு, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு. 'ரெனைசன்ஸ் வேக்ஸ்' என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கும். பஞ்சில் துளி எடுத்து மெல்லிசாகப் பூசினால் போதும்.

அப்புறம் காற்றுப்புகாத பாலிபுரொப்பிலீன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று. வரிசை முக்கியம்: முதலில் கழுவுதல், பிறகுதான் டப்பா. கழுவாமல் மூடினால் உப்பையும் காரையும் சேர்த்துப் பூட்டிவைத்த கணக்குதான். ஈரப்பதம் 40க்கு மேலே ஏறினால் ஜெல்லை மாற்றுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. அதைச் சமையலறைத் தோசைக்கல்லில் வறுத்துக் காயவைக்கிற வேலை வேண்டாம். டயர்கள் டப்பாவின் பிளாஸ்டிக்கைத் தொடாதபடி அடியில் அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் போடுங்கள். சில பழைய டயர்களின் ரப்பர்போன்ற பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம். இப்படியெல்லாம் டப்பாவில் போட்டால் அப்புறம் பார்ப்பது எப்படி என்று கேட்காதீர்கள். பார்க்க நாலு கார் சென்னையில் இருக்கட்டும்.

வாங்கும் பக்கம் வேறு மாதிரி ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் தொடங்கி விழுப்புரம், கடலூர்வரை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். அப்படி ஊறிய பொருள் எதுவாக இருந்தாலும் காயவைத்து, பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டுச் சந்தைக்கு வரத்தான் செய்யும். பழைய சாமான் கடையில் கார்கி பெட்டியைக் காட்டினால் முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே இருக்கும் காரின் கீலைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

போலி கண்டுபிடிக்கும் வழியும் அதே கதவுதான். தொழிற்சாலையில் உடம்பையும் கதவையும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துப் பிறகுதான் பொருத்தினார்கள். ஆகவே பெயின்ட் கீலைத் தாண்டி ஒட்டியிருக்காது. இரண்டையும் சேர்த்து ஒரே படலமாக மூடியிருந்தால் அது மறுபூச்சு. அடுத்து வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை, அச்சில் நசுங்கிய வழவழப்போடு இருக்க வேண்டும். துளைபோட்டிருந்தால், திருகாணி தெரிந்தால், பசை பளபளத்தால், யாரோ ஒருவர் உள்ளே போய்வந்திருக்கிறார். போகக் கூடாது என்றில்லை. கதவு, சர்ஃப் பலகை, கோல்ஃபர், டயர் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் நேர்மையாகவே மாற்றுப் பாகம் செய்து விற்கிறார்கள். சொல்லிவிட்டு விற்றால் அது பழுதுபார்த்த கார். சொல்லாமல் விற்றால் திருட்டு. கன்ட்ரிமேனின் சர்ஃபர் கூட நின்றால் நான் இரட்டிப்புச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பிள்ளைகள் விளையாடிய வண்டியில் முதலில் தொலைவது அந்த ஆள்தான்.

அட்லஸ் எடிஷன்ஸ் கதையும் தெரிந்திருக்க வேண்டும். டிங்கி பெயர் இப்போது மாட்டெல் வசம். அவர்களிடம் உரிமம் வாங்கி, பழைய டிங்கிகளைப் பெட்டி முதற்கொண்டு அப்படியே சீனாவில் வார்த்து, 2010களில் ஐரோப்பாவில் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். நல்ல தரம், மோசடியும் இல்லை. ஆனால் இங்கே வந்து சேரும்போது 'தாத்தா காலத்து டிங்கி' ஆகிவிடுகிறது. அடித்தகட்டின் எழுத்தை லென்ஸ் வைத்துக் கடைசி எழுத்துவரை படியுங்கள். எங்காவது ஒரு வரி தேய்த்து அழித்த தடம் இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால், படம் போதாது. ஏலத் தளங்களிலிருந்து யாரும் எடுத்து ஒட்டலாம். அன்றைய தினத்தந்தியைப் பக்கத்தில் வைத்து, பின்கதவை மூன்று முறை திறந்து மூடும் வீடியோ கேளுங்கள். உண்மையாக வைத்திருப்பவர் ஐந்து நிமிஷத்தில் அனுப்புவார். "வேற ஒருத்தர் கேக்குறார் சார், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பொருள் இருக்காது. விற்பவர்களுக்கும் வலை விரித்திருக்கிறார்கள். பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு, ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டைப் படம் அனுப்பி, பணம் வர இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், நேரே இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் அது 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 1965இல் வார்த்த மேட்ச்பாக்ஸில் அது எங்கே இருக்கும்? வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, இயந்திரத் தளவாடம் அல்லாத பழைய பொருள் எதையும் அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய தந்திரமும் 2019 டிசம்பரோடு தீர்ந்துபோனது. பார்சல் சுங்கத்தில் மாட்டினால் அதிகாரியின் முடிவுதான். சில பார்சல் வந்துவிடுகிறது என்பதை நம்பிப் பெரிய தொகையை இறக்காதீர்கள்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்தக் கார்கள் அவர்கள் கைக்கு எட்டவே கூடாது. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்தது. அரிப்பெடுத்த காரிலிருந்து உதிரும் தூளில் பெயின்டும் கலந்தே வரும். தூளை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். உப்புத்தாள் போட்டுப் பழைய பெயின்டைத் தேய்ப்பதை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம்.

உள்வியாதி பிடித்து உப்பிப்போன கார் ஒன்று உங்களிடம் இருந்தால் அதைக் குப்பையில் போடவும் வேண்டாம், நல்லதென்று சொல்லி யார் தலையிலும் கட்டவும் வேண்டாம். டயர், பிளாஸ்டிக் கண்ணாடி, கூரைக் கம்பி, வேட்டைக்காரர், நாய் எல்லாம் நன்றாகவே இருக்கும். உடம்பு போனது என்று சொல்லி உதிரிபாகமாக விலை பேசுங்கள். அதே மாடலில் கூரை நன்றாக இருந்து நாயைத் தொலைத்தவர் எங்காவது இருப்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.